ஏனுங்க அழைக்கிறார்

"இந்த போன் ஆன் ஆகறதுக்குள்ள எனக்கு நிக்காஹ் ஆகி, பையன் எல்.கே.ஜி. போயிடுவான் மேடம்" என்றான் ரசாக்.

மேசைமேல் ஹாரிகாவின் செல்போன் கிடந்தது. கறுப்புத் திரையில் கம்பெனிச் சின்னம் வந்தது, மங்கியது, மறுபடி வந்தது. ஹாரிகா அதைப் பார்க்கவில்லை. தான் கொண்டுவந்த துணிப்பையின் காதைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தாள்.

காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் அலுவலகம். பலகையில் 'கெசியா துப்பறியும் நிறுவனம்' என்று போட்டிருந்தாலும், வருகிற வேலையில் பெரும்பகுதி, பார்த்திருக்கிற மாப்பிள்ளை குடிக்கிறாரா என்று விசாரித்துச் சொல்வதுதான். ரசாக் முன்பு செல்போன் பழுது பார்க்கும் கடையில் இருந்தவன். வாடிக்கையாளர்களைக் கிண்டல் செய்ததற்காக வெளியே அனுப்பப்பட்டவன். எனக்குக் கிண்டல் அவ்வளவாக உறைக்காது. அதனால் எங்களுக்குள் ஒத்துப்போகிறது.

ஹாரிகாவின் கணவர் சசிதர், கணபதியில் மோட்டார் பம்பு உதிரிபாகப் பட்டறை வைத்திருந்தவர். போன மாதம் ஒரு காலையில் காரில் உடுமலைப்பேட்டைக்குக் கிளம்பியவருக்கு வழியில் நெஞ்சு வலித்திருக்கிறது. வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, மனைவிக்கு போன் செய்திருக்கிறார். அந்த அழைப்பு கட் செய்யப்பட்டது. மறுபடி செய்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. தேங்காய் லாரிக்காரர் ஒருவர் கார் கதவைத் திறந்தபோது உயிர் இல்லை.

தான் குளித்துக்கொண்டிருந்ததாகவும், போனைத் தொடவே இல்லை என்றும் ஹாரிகா சொன்னாள். சசிதரின் தம்பி வம்சி வேறு சொன்னான். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் சார்ஜில் இருந்த போன் அடித்தது, அண்ணி வந்து பெயரைப் பார்த்தார், கட் செய்தார், போய்விட்டார். முந்தின நாள் கணவன் மனைவிக்குள் ஏதோ வாக்குவாதம் நடந்ததை வீட்டில் எல்லோரும் கேட்டிருந்தார்கள். வம்சி சொன்னதை நம்ப அது போதுமாக இருந்தது.

நாளைக்கு ஹாரிகாவைக் கொடுமுடியில் உள்ள அவள் அம்மா வீட்டுக்குத் தாட்டி விடுவது என்று முடிவாகியிருந்தது. மகள் ஷ்ரவ்யா பள்ளிக்கூடத்தை முன்னிட்டு இங்கேயே இருப்பாள்.

"பாப்பாவை விட்டுட்டுப் போறது ஒரு பக்கம்ங்க" என்றாள் ஹாரிகா. அவள் குரலில் அழுகை இல்லை. எதுவுமே இல்லை. "அப்பா கூப்பிட்டப்ப கட் பண்ணினவ உங்கம்மான்னு சொல்லி அவளை வளத்துவாங்க. அதுதான் வேண்டாமுங்க."

நான் தலையசைத்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கு வரவில்லை.

"உங்க மாமியார்கிட்ட நாங்க வரலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று சொல்லி, அவள் கொடுத்த எண்ணுக்கு என் போனிலிருந்து அடித்தேன். மணி போனது. கட் ஆனது. மறுபடி அடித்தேன். மறுபடி கட்.

"மேடம் குரலைக் கேக்கறதுக்கு முன்னாடியே புடிக்காமப் போச்சு" என்றான் ரசாக். "சாதாரணமா கேட்டதுக்கு அப்புறம்தான் போகும்."

அதற்குள் ஹாரிகாவின் போன் ஒருவழியாக விழித்துக்கொண்டது. அவள் பூட்டு எண்ணைப் போட்டு, தானே மாமியாரைக் கூப்பிட்டாள். உடனே எடுத்தார்கள். இரண்டு வார்த்தையில் பேச்சு முடிந்தது.

"தப்பா நெனைக்காதீங்க. வெறும் நம்பரா வந்தா அத்தை கட் பண்ணிப்போடுவாங்க. போலீஸ்னு சொல்லிக் கூப்பிட்டு ஏமாத்தறாங்கல்லங்க, அதுக்காக அவர் சொல்லிக் குடுத்தது. பேர் வந்தா எடு, நம்பர் மட்டும் வந்தா கட் பண்ணுன்னு. வரச் சொல்லிட்டாங்க."

கேட்டுக்கொண்டேன். மாமியாரின் சுபாவம் என்ற கணக்கில் அதை மனதில் போட்டு மூடினேன்.

ரசாக் போனைக் கையில் எடுத்துப் புரட்டினான். "எப்ப இருந்துங்க இவ்வளவு ஸ்லோ?"

"அவர் போன அன்னிக்குக் காலைல இருந்துங்க. அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு."

"அன்னிக்குக் காலைல என்ன ஆச்சு?"

"குளிச்சிட்டு வந்து எடுத்தனுங்க. கைரேகை ஏத்துக்கல. நம்பர் போடச் சொல்லுச்சு. போட்டேன். என்னமோ தயார் பண்ணிட்டிருக்கேன், காத்திருக்கவும்னு ஒரு வட்டம் சுத்திச்சு. சுத்திட்டே இருந்துச்சு. சரி, சுத்தட்டும்னு பாப்பாவுக்குப் பால் ஆத்தினேன். பால் ஆறினதுக்கப்புறம்தான் திரை வந்துது. பார்த்தா, அவர்கிட்ட இருந்து கால். திருப்பிக் கூப்பிட்டேன். லாரி டிரைவர் எடுத்தாருங்க."

ரசாக் செட்டிங்ஸைத் திறந்தான். திரையில் ஏதேதோ ஓடி, கடைசியில் நின்றது. போனை என் பக்கம் திருப்பினான். 'கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது' என்ற வரிக்கு எதிரே ஒரு தேதி. சசிதர் இறந்த தேதி.

"எல்லாரும் தூங்கறப்ப தானா அப்டேட் ஆகி, தானா ஆஃப் ஆகி, தானா ஆன் ஆகியிருக்கு மேடம். அப்படி ஆன் ஆன போன், நம்பர் போட்டுத் திறக்கற வரைக்கும் பாதித் தூக்கம்தான். கைரேகை ஏத்துக்காது. கால் வந்தா அடிக்கும். ஆனா யார் கூப்பிடறாங்கன்னு அதுக்கே தெரியாது. பேரெல்லாம் பூட்டுக்கு உள்ள மாட்டியிருக்கும். நான் காலைல எந்திரிக்கற மாதிரின்னு வெச்சுக்கங்க. கூப்பிட்டா 'ம்'ம்பேன். கூப்பிட்டது அம்மாவா அத்தாவான்னு கேட்டா தெரியாது."

நான் ஹாரிகாவிடம் திரும்பினேன். "உங்க கணவரோட எண்ணை இதுல என்ன பேர்ல வெச்சிருக்கீங்க?"

முதல்முறையாக அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. "ஏனுங்க."

"கேளுங்க, சொல்றாங்க" என்றான் ரசாக் என்னிடம்.

"இல்லீங்க. பேரே அதுதான். 'ஏனுங்க'ன்னுதான் போட்டு வெச்சிருக்கேன். ஊட்டுல பேசறது தெலுங்குங்க. ஆனா அவரை மட்டும் கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஏனுங்கன்னுதான் கூப்பிடுவேன். பேர் சொல்லிப் பழக்கமில்ல."

வம்சி வீட்டில் சொன்னதும் அதேதான் என்றாள். திரையில் 'ஏனுங்க' என்று வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னானாம். பாதித் தூக்கத்தில் இருந்த போன் அந்தப் பெயரைக் காட்டியிருக்க முடியாது.

ரசாக் கைகளைத் தட்டினான். நான் தட்டவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அது யார்மீது என்று சொல்லத் தயக்கமாகவும் இருந்தது. ஹாரிகா குளிக்கப் போவதற்கு முன்பே எண்ணைப் போட்டுத் திறந்திருந்தால்? அப்போது பெயர் வந்திருக்கும். வம்சி சொன்னது உண்மையாகிவிடும். எனக்குப் பணம் கொடுப்பவர்தான் பொய் சொல்கிறார் என்றாகிவிடும்.

ரசாக்கை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் இதைச் சொன்னேன்.

"உங்களை நீங்களே நம்ப மாட்டீங்க. வந்தவங்களையா நம்புவீங்க?" என்றான். பிறகு யோசித்து, "திறக்காத போனுக்கு வாட்சப்பும் போய்ச் சேராது மேடம். அன்னிக்குக் காலைல யாராவது இவங்களுக்கு எதையாவது அனுப்பியிருந்தா, அது எப்பப் போய்ச் சேர்ந்துதுன்னு அனுப்பினவங்க போன்ல இருக்கும். நமக்கு வேண்டியது, பொழுது விடிஞ்சா தவறாம மெசேஜ் போடற ஒரு ஆளு."

அப்படி ஓர் ஆள் இல்லாத குடும்பம் எங்கே இருக்கிறது? ஹாரிகாவின் அம்மா தினமும் விடியலில், காவேரிக்கரையும் பூவும் போட்ட குட்மார்னிங் படம் ஒன்று அனுப்புகிறவர். ரசாக் கொடுமுடிக்குப் பேசினான். ஸ்பீக்கரில் போட்டான்.

"படம் நல்லாருக்குதுங்களா தம்பி?" என்று கேட்டார் அந்த அம்மா, எடுத்த எடுப்பில்.

"அருமைங்கம்மா. மாப்பிள்ளை போன அன்னிக்கு அனுப்பின படத்து மேல விரலை வெச்சு அழுத்திப் புடிங்க. மேல மூணு புள்ளி வருதுங்களா? அதுல தகவல்னு ஒண்ணு இருக்கும்."

நெடுநேரம் ஆனது. நடுவில் ஒருமுறை இணைப்பு போய், அவரே திரும்பக் கூப்பிட்டார். கடைசியில் வாசித்துக் காட்டினார். படம் அனுப்பியது விடியலில். போய்ச் சேர்ந்தது, சசிதரின் இரண்டு அழைப்புகளும் வந்து முடிந்ததற்குப் பிறகு. அதுவரை ஹாரிகாவின் போனை யாரும் திறக்கவில்லை.

"குட்மார்னிங் படத்தால முதல் தடவையா ஒருத்தருக்கு உபயோகம்" என்றான் ரசாக்.

ஹாரிகாவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. "சரிங்க" என்றாள்.

*

ஹாரிகாவோடு பீளமேட்டுக்குப் போனபோது, அவர்கள் வீட்டு வாசலிலேயே வம்சி நின்றிருந்தான். முப்பது வயதிருக்கும். சவரம் செய்யாத முகம். என்ன விஷயமாக வந்திருக்கிறோம் என்று சொன்னேன். போனில் ஒரு சோதனை செய்து காட்ட வேண்டும் என்றேன்.

"அம்மா இருக்கற எடத்துல இது வேண்டாமுங்க. பட்டறைக்குப் போயிடலாம். அங்க வெச்சு என்ன வேணும்னாலும் கேளுங்க."

"உங்கம்மாதான் முடிவு எடுக்கறவங்க. அவங்கதான் பார்க்கணும்."

"உங்களைக் கையெடுத்துக் கும்படறனுங்க."

நிஜமாகவே கும்பிட்டான். மாட்டிக்கொள்ளப் போகிறவனின் பயம் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். எனக்கு அதில் ஒரு திருப்தி கூட இருந்தது.

உள்ளே சாப்பாட்டு மேசையில் வம்சியின் அம்மா வெங்கடலட்சுமி உட்கார்ந்திருந்தார். மகன் போனபிறகு அவர் அதிகம் பேசுவதில்லை என்று ஹாரிகா சொல்லியிருந்தாள். எங்களிடம் பேசினார்.

"உக்காருங்க கண்ணு. காப்பி குடிச்சுப்போட்டுச் சொல்லுங்க. என்னவா இருந்தாலும் காப்பி ஆறிப்போவும்."

குடித்தோம். சுவர் ஓரமாக, மூக்குக்கண்ணாடியும் மாத்திரை டப்பாவும் வைத்த சிறு பலகை. அதன் மேல்தான் அன்று போன் சார்ஜில் இருந்தது. ஹாரிகா எடுத்துக் கொடுத்த சசிதரின் போனிலிருந்து ரசாக் சிம் கார்டைக் கழற்றித் தன் போனில் போட்டு என்னிடம் கொடுத்தான். ஹாரிகாவின் போனை மேசை நடுவில் வைத்தோம்.

"அன்னைக்குத் திரையில என்ன வந்துச்சுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன் வம்சியிடம்.

அவன் அம்மாவைப் பார்த்தான். "ஏனுங்கன்னு வந்துச்சு. அண்ணன் பேர்தான் வந்துச்சு. வேற எதுவும் வரலீங்க."

ரசாக் ஹாரிகாவின் போனை அணைத்து, மறுபடி போட்டான்.

கம்பெனிச் சின்னம் வந்தது. நாங்கள் ஐந்து பேரும் அதையே பார்த்தோம். மங்கியது. வந்தது. வெளியே தெருவில் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் தக்காளி விலை சொல்லிக்கொண்டு போனார். திரும்பி அதே தெருவில் வந்தார். சின்னம் இன்னும் மங்கி வந்துகொண்டிருந்தது. ரசாக் ஏதோ சொல்ல வாயெடுத்தான், என்னைப் பார்த்து மூடிக்கொண்டான்.

ஒருவழியாகப் பூட்டுத் திரை வந்தது. எண்ணைப் போடச் சொன்னது. யாரும் போடவில்லை.

நான் சசிதரின் எண்ணிலிருந்து அழைத்தேன். மேசைமேல் போன் அதிர்ந்து பாடியது. திரையில் பெயர் இல்லை. பத்து எண்கள் மட்டும் இருந்தன.

வரும்போதே தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். அப்டேட், பாதித் தூக்கம், கொடுமுடிப் படம் எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக. "அன்னிக்கு இந்தத் திரையில ஏனுங்கன்னு வந்திருக்கவே முடியாது. வம்சி சொன்னது பொய்" என்று முடித்தேன். மணி அடித்து ஓய்ந்தது.

வம்சி என்னைப் பார்க்கவில்லை. அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பிடிபட்டவன் பிடித்தவனைத்தான் பார்ப்பான்.

"இப்ப வந்தது யாரு நம்பருங்க?" என்று கேட்டார் வெங்கடலட்சுமி.

"உங்க பையனோடதுங்கம்மா."

"சசியுதா?"

"ஆமாங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். இருண்டுவிட்ட திரையைப் பார்த்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் வந்துது" என்றார். "பேர் இல்ல. நம்பரு. பாப்பா தூங்கிட்டிருந்தா. இந்தச் சத்தத்துக்கு எந்திரிச்சுக்குவான்னு கட் பண்ணிப்போட்டேன். மறுக்கா அடிச்சா என்ன பண்றதுன்னு சத்தத்தையும் அமுத்தி வெச்சேன். எவனோ ஏமாத்தறவன்னு நெனைச்சேன். அவன்தான சொல்லிக் குடுத்தான். வெறும் நம்பரு வந்தா எடுக்காதம்மான்னு. சொன்னபடி செஞ்சேன்."



"அம்மா..." என்றான் வம்சி. அதற்கு மேல் தெலுங்கில் ஏதோ சொன்னான். பிறகு எங்களுக்காகவா தனக்காகவா என்று தெரியாமல் தமிழில் சொன்னான். "அம்மா கட் பண்ணினதை நான் பார்த்தனுங்க. அது அண்ணன்னு எனக்கும் அப்பத் தெரியாது. சாயங்காலம் அண்ணன் போனைப் பார்த்ததுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. எப்படிங்க சொல்றது? இவங்க தாங்க மாட்டாங்க. அண்ணி சின்னவங்க, எப்படியும் தாங்கிக்குவாங்கன்னு..."

"தாங்கிக்குவேன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றாள் ஹாரிகா. சத்தமாகக் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது போலக் கேட்டாள்.



எல்லாம் என் கண் முன்னேயே இருந்திருக்கிறது. 'ஏனுங்கன்னு வந்துச்சு, வேற எதுவும் வரலீங்க' என்று அவன் அழுத்திச் சொன்னது ஹாரிகாவைக் குத்துவதற்காக இல்லை. தான் கட் செய்த வெறும் எண்ணும் மகனின் கடைசி அழைப்பும் ஒன்றுதான் என்று அம்மா எந்த நாளிலும் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த ஒரு பெயர்தான் அவர் கண்ணை மறைத்திருந்தது. அதை நான் நிரூபணத்தோடு எடுத்துப்போட்டேன். காலையில் இதே அம்மா என் எண்ணை இரண்டுமுறை கட் செய்ததும், ஏன் கட் செய்தார் என்பதும் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. நான் அதைச் சுபாவம் என்று மூடி வைத்தேன்.

வழக்கு முடிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"அம்மணி" என்றார் வெங்கடலட்சுமி. என்னைத்தான். "இன்னொருக்கா அடிங்க."

"எதுக்குங்கம்மா..."

"அடிங்க கண்ணு."

நான் ரசாக்கைப் பார்த்தேன். அவன் கீழே குனிந்துகொண்டான். அழைத்தேன்.

ஹாரிகாவின் போன் மறுபடி பாடியது. மறுபடி அந்தப் பத்து எண்கள். வெங்கடலட்சுமி அதைக் கையில் எடுத்தார். சிவப்பைத் தொடவில்லை. விரல் பச்சையை மேலே தள்ளியது. காதில் வைத்தார்.

"சொல்லு சாமி" என்றார்.

அது எனக்கு இரண்டுமுறை கேட்டது. மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து ஒருமுறை. என் கையில் இருந்த போனிலிருந்து ஒருமுறை, கொஞ்சம் தாமதித்து.

"சொல்லு சாமி. அம்மா எடுத்துட்டேன். எங்க இருக்கற?"

போனை அணைக்க முடியவில்லை. மறுபடியும் ஒரு கட்டா? அதைக் காதுக்கும் மேசைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஹாரிகா எழுந்து வந்தாள். என் விரல்களைப் பிரித்து அதை எடுத்துக்கொண்டாள். தன் இடத்துக்குப் போகவில்லை, ஜன்னல் ஓரமாகப் போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள்.

"அத்தை" என்றாள் போனில். "நான்தானுங்க."

வெங்கடலட்சுமி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மருமகளின் முதுகைப் பார்த்தபடி அதில்தான் பேசினார்.

"நீ அன்னிக்குக் குளிச்சிட்டிருந்த. தண்ணி விழுகற சத்தம் எனக்குக் கேட்டுது. அப்பவே சொல்லியிருக்கோணும். பேர் வந்துச்சுன்னு இவன் சொன்னான், நான் கட் பண்ணினதுக்கப்புறம் அவன் கூப்பிட்டு, நீ வந்து பார்த்திருப்பயாக்கும்னு இருந்துட்டேன்."

"சரிங்க அத்தை."

"நாளைக்கு நீ போவாத."

உள்ளறையில் குழந்தை எழுந்து யாரையோ கூப்பிட்டது.

"போகலீங்க" என்றாள்.

ரசாக்கும் நானும் சத்தமில்லாமல் வெளியே வந்தோம். கேட் அருகில் வந்தபிறகு அவன் சட்டைப் பையைத் தடவினான். "மேடம், என் போன் உள்ள இருக்கு."

"போய் வாங்கிட்டு வாரியா?"

அவன் திரும்பிப் பார்த்தான். ஜன்னலில் ஹாரிகா இன்னும் போனைக் காதில் வைத்தபடியே நின்றிருந்தாள். மேசையில் அந்த அம்மாவும் அப்படியே இருந்தார். இரண்டு பேரும் பேசுவதாகத் தெரியவில்லை.

"வேண்டாமுங்க" என்றான் ரசாக். "யாரும் இன்னும் கட் பண்ணல."